அயல் சாஸ்திரமும் சொந்த உடலும்

சிறு பிராயத்தில் பரதம் பயின்று, பின்பு தற்கால நடனத்தைத் தன் மார்க்கமாக வரித்துக்கொண்ட ஒருத்தி, உடலில் பழக்கங்கள் படிந்துவிட்ட வயதில், பாலே என்னும் ஐரோப்பிய சாஸ்திரத்தை அரிச்சுவடியிலிருந்து கற்பது அவசியந்தானா? மருங்காபுரியிலிருக்கும் என் பெரியம்மா, "நம்ம ஆட்டமெல்லாம் இருக்கையில இது எதுக்கும்மா உனக்கு?" என்று கேட்டது முதல், திருச்சிக்கும் ஊருக்குமாகச் செல்லும் பஸ் பிரயாணங்களில் இதை நான் ஆலோசித்து வந்திருக்கிறேன். அயலானது புகுந்தால் நம்முடையது அழிந்துவிடுமோ என்ற நியாயமான அச்சம் அக்கேள்வியில் இருக்கிறது.

இவ்வச்சத்திற்கு ருக்மிணி தேவியின் சரித்திரத்தில் ஒரு சமாதானம் உண்டு. 1904இல் மதுரையில் பிறந்த அவர், ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் சிநேகத்தைப் பெற்று, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தம் தேசத்துக் கலையை நாடும்படி அவரைத் தூண்டியவரும் அந்தப் பாவ்லோவாவே. 1933இல் சென்னையில் பந்தநல்லூர் மரபின் சதிரை, அதாவது பரதத்தின் பழைய வடிவத்தைக் கண்டு மனம் பறிகொடுத்த ருக்மிணி தேவி, முப்பதை ஒட்டிய வயதில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சிஷ்யையாக அமர்ந்து, 1935இல் அடையாற்றில் மேடையேறி, மறு ஆண்டே கலாக்ஷேத்திரம் என்னும் கலைப்பள்ளியைத் தோற்றுவித்தார். தலைமுறைதோறும் அக்கலையைக் காத்துவந்த தேவதாசியரும் நட்டுவனார்களும் இல்லாதிருந்தால் அவர் கற்பதற்கு எதுவும் எஞ்சியிராது என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அயல் கலை தன் கலையைத் துலக்கும் என்பதை என் பயிற்சியிலும் கண்டேன். பரதத்தின் அரைமண்டியும் பாலேயின் பிளியேயும் பார்வைக்கு ஒத்தவை. இரண்டிலும் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து மடிகின்றன. ஆனால் நம் நர்த்தகி தட்டடவு முதற்கொண்டு அரைமண்டியிலே நிலைத்து நின்று பூமியோடு பேசுகிறாள்; பாலே நர்த்தகியோ பிளியேயிலிருந்து உந்தி எழுந்து, மீண்டும் அதன் வழியே அதிராமல் இறங்குகிறாள். சுவரோரத்துக் கம்பியைப் பற்றி நின்று நான் பயின்றபோது, தொடையானது இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறம் திரும்ப வேண்டும், பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்காலுக்குக் கேடு விளையும் என்று ஆசிரியை வற்புறுத்தினார். குருவின் வாக்கை வேதமாகக் கொண்டு அதுவரை நான் நின்ற அரைமண்டியின் காரணம் அப்போதுதான் எனக்குத் துலங்கிற்று. உயரே எழும்ப முயன்ற பிறகே, தாழ்ந்து நிற்பதும் ஒரு சங்கற்பம் என்று கண்டேன்.

தற்கால நடனக்காரர்கள் சுதந்திரத்தைப் பெரிதாகப் போற்றுகிறோம். எனினும் சுதந்திரமாக அசைவதாக எண்ணும் வேளையில் பெரும்பாலும் பழக்கமே நம்மை அசைக்கிறது. அப்பழக்கத்தை நமக்கே காட்டிக்கொடுக்க வேறொரு சாஸ்திரம் வேண்டும். அதையும் அலங்காரத்துக்காக இரண்டொரு பாய்ச்சலை எடுத்துக்கொள்ளும் அளவில் அணுகாமல், அதன் நியமங்களுக்கு முழுமனத்தோடு கட்டுப்பட்டுக் கற்றால்தான் அந்த வெளிச்சம் கிட்டும். வாழ்க்கைக்கும் இதுவே பொருந்துமென்று நம்புகிறேன்: பிறந்ததனால் வாய்த்த மரபு, பிறிதொன்றை மெய்யாக அறிந்த பின்னும் நாம் விரும்பி ஏற்கும்போதே முற்றிலும் நம்முடையதாகிறது; அப்படி ஏற்பதற்குரிய தகுதியைத் தருகிற எந்தக் கல்வியும் எந்த வயதிலும் வீணன்று.