திரும்பிப் பார்க்கும் கருணை

பிறர்க்குத் தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பெரும்பாலோர்க்கு இல்லை. எறும்பு ஊரும் தரையையும் பார்த்து நடக்கப் பழக்கிய பெற்றோர்க்குப் பிறந்தவர்கள் நாம். ஆயினும், நல்லெண்ணத்தோடு செய்த ஒரு செயலால் பிறர்க்குத் துன்பம் நேர்ந்துவிட்டால், 'நான் நல்லதைத்தானே நினைத்தேன்' என்று சொல்லி மனநிறைவு கொள்ளலாமா? நெடுநாளாக என் உள்ளத்தை அறுத்துவரும் இக்கேள்வியை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த நான், ஆசிரியர் பயிற்சி முடித்து, 1970-களின் இடையில் குன்னூரில் ஒரு பள்ளியில் பணியேற்றேன். 1907-இல் தொடங்கப்பெற்று, நாய்க்கடி மருந்துக்காகத் தென்னாடெங்கும் பெயர்பெற்ற பாஸ்டியர் நிறுவனம் அவ்வூரில்தான் உள்ளது. இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் சொட்டு மருந்தை நம் நாட்டிலேயே ஆக்கும் பணியும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே நடைபெற்றது. அதே ஊரில், தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து என் வகுப்புக்கு ஒரு மாணவன் வந்தான். இளம்பிள்ளை வாதத்தால் அவனது வலக்கால் சூம்பியிருந்தது. இரும்புப் பட்டை பூட்டிய காலணியோடு, மலைச்சரிவின் படிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறி வருவான்.

கொழுந்து பறிக்கும் அவன் தாய் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "காய்ச்சல் என்று ஊசி போடச் சொன்னேன், டீச்சர். மறுநாள் பிள்ளைக்குக் கால் எழவில்லை. நானே கெடுத்துவிட்டேன்." நான் அவரைத் தேற்றினேன். இளம்பிள்ளை வாத வைரஸ் உடலில் புகுந்திருக்கும் நாளில் தசையில் போடப்படும் ஊசி, வாதம் வருவதைத் தூண்டக்கூடும் என்ற உண்மையைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நான் படித்தறிந்தேன். அத்தாயின் அச்சம் முற்றிலும் வெற்று அச்சமன்று. ஆனால் அதை முன்னரே அறிய அவருக்கு வழி ஏது?

மருந்து ஆக்கிய ஊரிலேயே அது ஒரு குழந்தையை ஏன் சென்றடையவில்லை என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அதனினும் கடினமான கேள்வியை, நம் வடஆர்க்காட்டு மண்ணில், வேலூரில் ஒரு குழந்தை மருத்துவர் கேட்டுக்கொண்டிருந்தார். சென்றடைந்த மருந்து வேலை செய்ததா என்பதே அக்கேள்வி.

அவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வுத் துறையை வளர்த்தெடுத்தவர். இளம்பிள்ளை வாத வைரஸில் மூன்று வகைகள் உண்டு. அசுத்தமான கைகள், நீர், உணவு வழியாக வாய்க்குள் சென்று, குடலில் பெருகும். தொற்று ஏற்படும் குழந்தைகளுள் ஏறத்தாழ 200 பேரில் ஒருவர்க்கே வாதம் வரும். அந்த ஒரு குழந்தையின் தண்டுவடத்தில், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. அழிந்தவை மீண்டும் தோன்றா.

மேலை நாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்தே நல்ல காப்பளித்தது. ஆகவே இங்கும் மூன்று தவணை போதும் என்று எல்லோரும் கருதினர். ஜேக்கப் ஜான் அவ்வாறு நம்பி அமையவில்லை. மருந்து பெற்ற வேலூர்க் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். மூன்று தவணை பெற்ற பின்னும் கணிசமான குழந்தைகளுக்கு முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை என்பது தெரியவந்தது. 1972-இல் இதனை வெளியிட்டார். கூடுதல் தவணைகள் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஊரிலுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் ஒரே காலத்தில் மருந்து தரும் முறையை 1980-களில் வேலூர் நகரில் அவரும் அவர்தம் குழுவினரும் செய்து காட்டினர். அங்கே நோய் வெகுவாகத் தணிந்தது. பின்னர் 1995 முதல் நாடெங்கும் நடைபெற்ற சொட்டு மருந்து நாள்களை நாம் அனைவரும் அறிவோம்.

நோய் கண்ட குழந்தைகளை ஒன்றுவிடாமல் கணக்கெடுக்க, வடஆர்க்காடு மாவட்டத்தில் ஓர் எளிய ஏற்பாட்டையும் அவர்கள் செய்தனர். மருத்துவர்கள் தாம் கண்ட தொற்றுநோய்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வேற்பாட்டின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று ஒலிக்கும். 'காப்பாற்றிவிட்டோம்' என்று எண்ணியிருந்த வேளையில், 'இதோ, இக்குழந்தை தப்பவில்லை' என்று சொல்ல வந்த அஞ்சலட்டைகள் அவை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மருந்தின் குறையை வெளியே சொன்னால் மக்கள் அதனையே வெறுத்துவிட மாட்டார்களா? மறைத்துவைப்பதுதானே பொதுநலத்துக்கு நல்லது? இது நியாயமான அச்சமே. ஆனால் மருந்தை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. முழுமையாகத் தாருங்கள், தந்த பின் பாருங்கள் என்றே சொன்னார். மூன்று தவணையும் கொடுத்த பின் தன் குழந்தை முடங்கக் கண்ட தாயிடம், குறையை மறைத்த மருத்துவம் எந்த முகத்தோடு பேசும்?

இன்னொன்றும் உண்டு. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். மிக அரிதாக, பல இலட்சம் குழந்தைகளுள் ஒருவர்க்கு, அதுவே வாதத்தை உண்டாக்கிவிடும். ஆண்டுதோறும் எண்ணற்ற குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைக் காக்க அம்மருந்தைத் தந்தது தக்கதே. ஆனால் இயற்கையான இரண்டாம் வகை வைரஸ் 1999-க்குப் பின் காணப்படவில்லை. 13-1-2011 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தையே நம் நாட்டில் இயற்கை வைரஸால் முடங்கிய கடைசிக் குழந்தை. 27-3-2014 அன்று இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பெற்றது. நோய் மறைந்த பின்னும் மருந்தினால் ஒரு குழந்தை முடங்குமானால் அதனைப் பொறுக்கலாமா? உயிரற்ற வைரஸால் ஆன ஊசி மருந்து வேண்டும் என்று ஜேக்கப் ஜான் நெடுங்காலம் வாதாடினார். 2015 நவம்பரில் அவ்வூசி நம் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை நீக்கப்பட்டது. நேற்றைய தராசில் சரியாக நின்ற செயலை இன்றைய தராசில் மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை இதிலிருந்து நான் கற்றேன்.

நம் ஆகமம் இதனை அறியாததன்று. ஹிம்சைக்கு இலக்கணம் கூறப் புகுந்த உமாஸ்வாமி ஆசாரியர், உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்லாமல், அதற்கு வேராகப் பிரமாதம் என்னும் விழிப்பின்மையைச் சுட்டினார். ஐந்து சமிதிகளும் விழிப்போடு செயற்படுவதற்கான பயிற்சிகளே. ஆயின் விழிப்பு என்பது அடியெடுத்து வைக்கும் முன் தரையைப் பார்ப்பதோடு முடிந்துவிடுமா? நடந்த பின் திரும்பிப் பார்க்கவும் நம் நெறி ஒரு கடமையை வகுத்திருக்கிறது, அதுவே பிரதிக்கிரமணம். வேலூருக்கு வந்த அஞ்சலட்டைகளை எண்ணும்போதெல்லாம், மருத்துவம் செய்த பிரதிக்கிரமணமாகவே அவை எனக்குத் தோன்றுகின்றன. அம்மருத்துவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் விழிப்பு எவரிடம் இருப்பினும் அது விழிப்பே.

இப்போது என் பிழையைச் சொல்ல வேண்டும். காலைப் பிரார்த்தனைக்கு மாணவர்கள் கீழே உள்ள திடலுக்கு இறங்கிச் செல்வார்கள். அந்த மாணவனிடம் நான், "உனக்குச் சிரமம் வேண்டாம், இங்கேயே இரு" என்பேன். சிம்ஸ் பூங்காவுக்கு வகுப்பையே அழைத்துச் சென்ற நாளிலும் அவ்வாறே கூறினேன். மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தன. அதனை நான் கருணை என்றே எண்ணியிருந்தேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவன் என்னைத் தேடி வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கையில் ஊன்றுகோல் இருந்தது. அன்போடு பேசியிருந்துவிட்டு, விடைபெறும்போது சொன்னான்: "டீச்சர், நீங்கள் ஒருநாளும் என்னைக் கடிந்ததில்லை. ஆனால் ஒருநாளும் 'வருகிறாயா?' என்று கேட்டதும் இல்லை. எல்லோரும் இறங்கிப்போன பிறகு அந்த வகுப்பறையில் ஒரு சத்தமும் இருக்காது."

அவன் குற்றம் சாட்டவில்லை. அதனாலேயே அச்சொல் இன்னும் ஆறவில்லை. பாடக்குறிப்பின் இறுதியில் 'மதிப்பீடு' என்று ஒரு பகுதி எழுத வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆசிரியர் கற்பித்தாரா என்பதன்று, மாணவர் கற்றனரா என்பதே கேள்வி. பாடத்துக்கு நாள்தோறும் அதனை எழுதினேன். என் கருணைக்கு ஒருநாளும் எழுதவில்லை.

அவன் தாய் அறிய வழியின்றித் தவறினார், அவர்மேல் பழியில்லை. எனக்கோ அறியும் வழி எதிரிலேயே அமர்ந்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என நால்வகைத் தானங்களையும் நம் குடும்பங்கள் போற்றிச் செய்துவருகின்றன. கொடுத்ததோடு தானம் நிறைவடைந்துவிடுவதில்லை. பெற்றவர்க்கு அது பயன்பட்டதா என்று கேட்கும்போதே நிறைவடைகிறது. விழா நாளில், 'இவரால் வர இயலாது' என்று நாமே முடிவு செய்து வீட்டில் விட்டுவரும் குழந்தையோ முதியவரோ நம்மிடையே எத்தனை பேர்? அடுத்த முறை ஆலயத்துக்குப் புறப்படும் முன், அவர் அருகில் சென்று, "வருகிறீர்களா?" என்று ஒருமுறை கேட்போம். அவர் சொல்லும் விடை எதுவாயினும், அதனைக் கேட்டுக்கொண்ட பின் புறப்படுவோம்.