பிறர் வீட்டுத் தூண்

பல காலங்களையும் பல தேசங்களையும் சேர்ந்த பொருள்களை ஒரே வீட்டினுள் ஒருங்கு வைத்து அழகு காணுதல் வெறும் இரசனை சார்ந்த விடயமென்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. அதனுள் அறவியல் வினாவொன்றும் அடங்கியிருக்கின்றது.

கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா தமக்கென அமைத்துக்கொண்ட இல்லத்தை நோக்குவோம். நான்கு சிறு வீடுகள் கொண்ட வரிசையில் 1958இல் ஒன்றைப் பெற்ற அவர், அடுத்த பத்தாண்டுகளில் ஏனையவற்றையும் சேர்த்து ஒரே இல்லமாக்கினார். வெண்சுவர்கள், வானம் பார்த்த சிறு முற்றங்கள், டொனால்ட் பிரெண்ட் என்ற அவுஸ்திரேலிய ஓவியர் தீட்டிய கதவுகள். இவற்றிடையே செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த தூண்கள். கண்ணுக்கு யாதொரு முரணும் தோன்றுவதில்லை.

ஆயின் அத்தகைய தூண்கள் ஏன் பெயர்ந்தன? நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் செல்வம் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நடந்த வட்டித்தொழிலில் விளைந்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அது பெரிதும் சரிந்தது. ஒரு மாளிகைக்குப் பங்காளிகள் பலர், பேணுவார் இலர். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளை அடைந்தன. மணவினைகள் நிகழ்ந்த வளவிலே (நாம் வழங்கும் வளவு அன்று, உள்முற்றம் சூழ்ந்த பகுதி) நின்ற தூண் இன்று வேறொருவரின் அலங்காரம். ஒருவருடைய வீழ்ச்சியை மற்றொருவர் இரசிக்கலாமா?

பொருளொன்று பிறந்த இடத்திலேயே இருத்தல் வேண்டுமென்பார் வாதம் செட்டிநாட்டிலேயே தோற்றுவிடுகின்றது. தேக்கு பர்மாவினது; பளிங்கு இத்தாலியினது; கண்ணாடி பெல்ஜியத்தினது; ஆத்தங்குடித் தரைக்கல்லே அயலூரினது. கலப்புக்கு அம்மாளிகைகளைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அச்செல்வமும் பிறர் இழப்போடு தொடர்பற்றதன்று. 1930களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களிற் காற்பங்களவு, கடன்பட்ட உழவரிடமிருந்து செட்டியார் வசமாயிற்று.

தூய பாணியில் புகலிடம் தேடுவதும் பயனற்றது. வியன்னாவின் அடோல்ப் லோஸ் 1900இல் எழுதிய கதையொன்றில், செல்வர் ஒருவர் தம் இல்லம் முழுவதையும் கட்டடக்கலைஞர் ஒருவரிடம் ஒப்படைக்கின்றார். அனைத்தும் ஒரே பாணியில் அமைகின்றன. பிறந்தநாளுக்குக் குடும்பத்தார் அளித்த பரிசுகளை வைக்க அங்கு இடமில்லை. படுக்கையறைக்கென வரைந்த செருப்பை வேறோர் அறையில் அணிந்ததும் குற்றமாகின்றது. நகைச்சுவைக்காக எழுதப்பட்டதெனினும், உறவினரின் அன்பளிப்பையே வெளியேற்றும் தூய்மை எத்தகையது என்ற வினா அதனுள் இருக்கின்றது.

எனவே கலப்பிலே குற்றமில்லை. தூணை வாங்குபவர் அதன் விலையைக் கேட்பதுபோல் அதன் ஊரையும் கேட்டாரா என்பதே என் வினா. கேட்டறிவதால் இழந்தவருக்கு எதுவும் மீளாது. வாங்குவோர் இலராயின் அது விறகாகியிருக்கும் என்பதும் மெய்யே. ஆயினும் விறகாக்கியவரும் அதன் ஊரைக் கேட்டிருக்க மாட்டார்.