ஏன் என்று கேட்காத விரல்

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள். கைபேசியைச் சட்டைப்பையில் போடுவதற்கு முன், திறந்து வைத்திருந்த செயலிகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் மேலே தள்ளி மூடுவார். திரை வெறுமையானால்தான் அவருக்கு நிம்மதி. எதற்கு என்று கேட்டால், "சார்ஜ் நிக்கும்ல" என்பார். யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்றாங்க."

நிற்காது. 2016 மார்ச்சில் ஐபோன் வைத்திருந்த ஒருவர் ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நீங்கள் இப்படிச் செயலிகளை அடிக்கடி மூடுவதுண்டா, பேட்டரிக்கு அது தேவையா என்பது கேள்வி. பதில் எழுதியவர் அங்கே மென்பொருள் பிரிவின் தலைவராக இருந்த கிரெய்க் ஃபெடரிகி. இரண்டுக்கும் இல்லை என்றார். அதே நாட்களில் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் இதனால் பயனில்லை, நிலைமை சற்று மோசமாகவும் கூடும் என்றார். காரணம் எளிது. பின்னால் போய்விட்ட செயலிகளில் பெரும்பாலானவை உறைந்த நிலையில் நினைவகத்தில் கிடக்கின்றன. நினைவகம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். மூடிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பத் திறந்தால், முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தம்ளர் டீக்கும் கொதிநீரைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரை மறுபடி அடுப்பில் வைப்பது போன்ற வேலை இது. சிக்கி நின்றுபோன செயலியை மூடலாம்; அதற்குத்தான் அந்த வசதி.

இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஒரு கட்டளை வந்தது. யாரிடமிருந்து என்று தெரியாது. காரணம் கேட்கவில்லை. பலன் கிடைத்ததா என்று சோதிக்கவுமில்லை. ஆண்டுக்கணக்காகச் செய்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். இதற்குச் சடங்கு என்று பெயர். கையில் இருப்பது கணினி என்பதற்காக அது அறிவியல் ஆகிவிடாது. காரணம் சொல்லாமல் டிப்ஸ் கொடுப்பவரும், காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்பவரும் செய்வதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுக்கக்கேடு என்றே சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

சில சடங்குகளுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்திருக்கும். பேட்டரியை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குப் பொருந்திய யோசனை. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக 2019இல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. உங்கள் கைபேசியில் இருப்பது அதுதான். அதை முழுக்க இறக்குவதால் நன்மை கிடையாது, தேய்மானம்தான் கூடும். அதன் பெரிய எதிரி வெப்பம். இரண்டாவது எதிரி, நூறு சதவீதத்திலேயே மணிக்கணக்காக நிற்பது. அதனால்தான் பல கைபேசிகளில் எண்பதோடு நிறுத்தும் வசதி வைத்திருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள், சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடி அருகே வைக்காதீர்கள் என்பதெல்லாம் வெப்பம் என்ற ஒரே காரணத்தின் கிளைகள். ஆனால் கடைகளில் இன்றும், "மொத தடவ எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க" என்றே சொல்லி அனுப்புகிறார்கள். காரணம் செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. சடங்கு உயிரோடு இருக்கிறது.

கடவுச்சொல் கதை இதைவிட முக்கியமானது. 2003இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் பணியாற்றிய பில் பர் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் கலந்து வையுங்கள், குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்ற யோசனை அதிலிருந்துதான் உலகெங்கும் பரவியது. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மனிதர் என்ன செய்வார்? முருகன்@123 என்பதை முருகன்@124 ஆக்குவார். திருடனுக்கும் அது தெரியும். 2017இல் அந்தக் கழகமே விதியைத் திருத்தியது: நீளமே பலம், கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஓய்வு பெற்றிருந்த பில் பர், தாம் சொன்னதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த மனிதரை நான் வணங்கத் தகுந்தவராகக் கருதவில்லை, மதிக்கத் தகுந்தவராகக் கருதுகிறேன். காரணம் சொல்லி எழுதப்பட்ட விதியை, அந்தக் காரணம் தவறென்று தெரிந்ததும் திருத்த முடிகிறது. காரணமே சொல்லாத விதியை எதைக்கொண்டு திருத்துவது? நம் அலுவலகங்கள் பலவற்றில் தொண்ணூறு நாள் சடங்கு இன்னும் தொடர்கிறது. நீங்கள் கடவுச்சொல்லைத் தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். ஒரு கணக்கின் கடவுச்சொல்லை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள். ஏனென்றால் ஓரிடத்தில் கசிந்ததை எடுத்துக்கொண்டு திருடர்கள் மற்ற எல்லாக் கதவுகளிலும் போட்டுப் பார்க்கிறார்கள்.

அச்சத்தை விற்பவர்கள் தனி வகை. 2020 அக்டோபரில் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் என்ற ஒன்றிய அரசு அமைப்பின் தலைவர் வல்லபபாய் கத்திரியா, பசுஞ்சாணத்தில் செய்த ஒரு வில்லையைக் காட்டி, கைபேசியின் கதிர்வீச்சை இது குறைக்கும் என்றார். சான்று எங்கே என்று அறிவியலாளர்கள் நூற்றுக்கணக்கில் கேட்டார்கள். அவர்களுக்கு முன்பே ஒரு பள்ளிப் பிள்ளையும் கேட்டிருக்கலாம், ஏனென்றால் சோதனை அவ்வளவு எளிது. கைபேசி பேசுவதே அந்த ரேடியோ அலையால்தான். வில்லை அலையை உண்மையாகவே தடுத்தால் அழைப்பு துண்டிக்கப்பட வேண்டும். அழைப்பு நிற்கவில்லை என்றால் வில்லை எதையும் செய்யவில்லை. பாதி தடுத்தால் இன்னும் கேடு: கோபுரத்தை எட்டுவதற்காகக் கைபேசி தன் சக்தியைக் கூட்டும். இதை அமெரிக்க வணிக ஆணையமும் சொல்லி எச்சரித்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜியிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட கழுத்தணிகள் உள்ளிட்ட பத்துப் பொருட்களைச் சோதித்தது. அவையே உடலுக்குக் கேடான அயனியாக்கும் கதிர்வீச்சை உமிழ்ந்தன. கைபேசி அலைக்கு அந்தத் தன்மை கிடையாது. அச்சத்தில் வாங்கிய தாயத்துதான் உண்மையான ஆபத்தைக் கழுத்தில் கொண்டுவந்து மாட்டியது.

அப்படியானால் கைபேசி அலையைப் பற்றி ஒன்றுமே பேசக் கூடாதா? பேசலாம். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பட்டியலில் வைத்தது. சான்று குறைவு, ஆனாலும் முற்றாக ஒதுக்கிவிட முடியாது என்பது அதன் பொருள். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல், உடல் உறிஞ்சும் அலைச் சக்திக்கான உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட். *#07# என்று அழுத்தினால் பல கைபேசிகளில் அந்த அளவு திரையில் வரும். அப்போதும் கவலை என்றால் இயர்போனில் பேசுங்கள். தூரம் கூடக்கூட அலையின் வலிமை வேகமாகக் குறைகிறது. தாயத்துக் கடைக்காரர் கொடுக்கவே முடியாத ஒன்று, எண்ணோடு கூடிய இந்தக் காரணம்.

தாயத்தை விட்டு வீட்டுச் சடங்குக்கு வருவோம். ஆயுத பூஜை அன்று கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வீட்டாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதில் இருக்கும் பிள்ளையின் படங்களுக்கு வேறெங்காவது நகல் உண்டா? கணினிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வட்டில் வைத்தால் போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைவாசிக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு நகலாவது வேறு ஊரிலோ இணையத்திலோ இருக்க வேண்டும்.

இனி, ஒழுக்கக்கேடு என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

நம் வீடுகளில் கைபேசி தெரிந்த ஒருவர் இருக்கிறார். மகன், மருமகள், கல்லூரி போகும் பேத்தி. அம்மாவின் கைபேசியில் ஏதோ கோளாறு. வாங்குகிறார், ஏழெட்டு இடத்தில் தட்டுகிறார், திருப்பிக் கொடுக்கிறார். "என்னப்பா பண்ணுன?" என்று அம்மா கேட்கிறார். "உங்களுக்கு அதெல்லாம் புரியாதும்மா. ஓகே வந்தா ஓகே அமுக்குங்க, மத்ததத் தொடாதீங்க." இந்த மண்ணில் இந்த வாக்கியத்தை முதலில் சொன்னவர்கள் யார்? உனக்குப் புரியாது, உனக்குத் தேவையில்லை, சொன்னதைச் செய் என்று எத்தனை தலைமுறைப் பெண்களுக்கும் உழைக்கும் சாதிகளுக்கும் எழுத்தையும் கணக்கையும் மறுத்தார்கள்? ஆளாளுக்குப் பையில் கம்பியில்லாத் தொடர்புக் கருவி இருக்கும் காலம் வரும் என்று பெரியார் 'இனிவரும் உலகம்' கட்டுரையில் முன்கூட்டியே சொன்னதைப் பெருமையாகப் பகிர்கிறோம். அவர் படம் மாட்டிய கூடத்திலேயே அம்மாவுக்கு மந்திரம் மட்டும் கொடுத்துவிட்டு விளக்கத்தை நம்மிடமே வைத்துக்கொள்கிறோம். மந்திரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்பவர் பூசாரி. பட்டம் படித்திருந்தாலும் பூசாரிதான்.

அம்மாவுக்கு இதனால் ஒரு பயிற்சி கிடைக்கிறது. திரையைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவர் ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் செய்ய வேண்டும் என்ற பயிற்சி. ஒரு நாள் காணொளி அழைப்பில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வருகிறார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், அழைப்பைத் துண்டிக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், சொல்லும் கணக்குக்குப் பணத்தை மாற்றுங்கள் என்கிறார். நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்ல நேர்ந்தது. ஆனாலும் அம்மா காரணம் கேட்கமாட்டார். கேட்காமல் இருக்க அவரைப் பழக்கியவர்கள் நாம். திருடன் அறுவடை செய்கிறான். விதைத்தது வீட்டில் நடந்தது.

எச்சரிக்கைப் பட்டியல் கொடுத்துவிட்டோமே என்பார்கள். பட்டியல் நேற்றைய திருட்டுக்கு உதவும். காரணம் நாளைய திருட்டுக்கும் உதவும். யுபிஐ பின் எண் என்பது என் கணக்கிலிருந்து பணம் வெளியே போக நான் போடும் கையெழுத்து. பணம் உள்ளே வருவதற்கு என் கையெழுத்து எதற்கு? இந்த ஒன்று புரிந்தவரிடம் கேஷ்பேக், பழைய சோபா வாங்க வந்தவர் அனுப்பிய க்யூஆர், மின்வாரியம் திருப்பித் தரும் பணம் என்று எந்தப் புதுக் கதையும் செல்லாது. கல்யாணப் பத்திரிகை படமாகத்தான் வரும், அதைப் படிக்க எதையும் நிறுவ வேண்டியதில்லை என்று புரிந்தவர், பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே என்ற, செயலியை நிறுவும் கோப்பைத் திறக்க மாட்டார். நட்சத்திரக் குறி, 401, அப்புறம் இந்த எண்ணை அழுத்துங்கள் என்று கூரியர் பெயரில் ஒருவர் சொன்னபோது பலர் அழுத்தினார்கள். அது அவர்களுக்கு வரும் அழைப்புகளை எல்லாம் திருடனின் கைபேசிக்குத் திருப்பிவிடும் கட்டளை. வங்கி அழைத்து ஓடிபியைச் சொன்னால் கேட்பவன் அவன். எண்ணை அழுத்தி அழைப்பைத் திருப்பும் அந்த வசதியை 2024 ஏப்ரல் முதல் நிறுத்திவைக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. இப்படி எண்ணை அழுத்தச் சொல்லும்போது, "அழுத்தினா என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

ஃபார்வர்டு செய்பவர்களும் இதே கணக்கில் வருகிறார்கள். இன்று இரவு காஸ்மிக் கதிர் வருகிறது, கைபேசியை அணைத்துவிடுங்கள், நாசா சொன்னது என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. நல்லதுதானே, அனுப்பிவைப்போம் என்று அனுப்புகிறார்கள். அதே விரல், அதே நல்லெண்ணத்தோடு, 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தியையும் அனுப்பியது. அதை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்த 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்ஆப், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்யப்போவதாக அறிவித்தது. ஒரு நிறுவனம் நம் விரலுக்குக் கட்டுப் போட வேண்டியிருந்தது என்பது ஒரு சமூகத்துக்கு அவமானம். சோதிக்காத செய்தியை நல்லெண்ணத்தோடு அனுப்பினேன் என்பவரின் நல்லெண்ணத்தை நான் ஏற்க மாட்டேன்.

வயதானவர்களுக்கு விளக்கினால் புரியாது என்பது சோம்பேறியின் சாக்கு. ஏலச்சீட்டில் எந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தால் கட்டும் என்று மனக்கணக்குப் போடும் பெண்ணுக்கு, பின் எண் யாருக்கான கையெழுத்து என்பது புரியாதா? அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். கைபேசி அவர் கையிலேயே இருக்கட்டும், உங்கள் விரல் அதில் படக் கூடாது. அவர் தட்டட்டும், தவறட்டும், ஏன் என்று கேட்கட்டும்.

அவருக்கு 1930 என்ற எண்ணைச் சொல்லிக்கொடுங்கள், பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது. கூடவே காரணத்தையும் சொல்லுங்கள். திருடிய பணம் ஒரே கணக்கில் நிற்காது, அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து ஓடிக்கொண்டே இருக்கும். வங்கிக்குள் இருக்கும்வரைதான் அதை முடக்க முடியும், ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிட்டால் முடியாது. அதனால் மகன் வேலையிலிருந்து வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த நிமிடமே அவரே அழைக்க வேண்டும்.