விழாத கோல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊரில் பள்ளி மாணவியருக்கான கால்பந்துப் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்திற்குப் பரிசளிக்க என்னை அழைத்திருந்தார்கள். வென்ற அணி இரண்டு கோல் போட்டது. எதிரணி ஒன்றும் போடவில்லை. இரண்டு கோலையும் போட்ட மாணவியையே சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்து கோப்பையை வழங்கினேன். கூட்டம் கைதட்டியது. எல்லாரும் கலையும் வேளையில், அதே அணியில் 'பேக்' ஆடிய பெண்ணொருத்தி புழுதி படிந்த காலுறையோடு என்னருகே வந்தாள். கிள்ளைப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை.

"சாமி, அவங்க ஏன் ஒரு கோல்கூடப் போடலேன்னு யாருமே கேக்கலியே?" என்றாள்.

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அதனால்தானோ என்னவோ, அது இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அடுத்த ஆண்டு அவள் ஆட வரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் அது தற்பெருமையாகும். எனக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

திருப்பலியின் தொடக்கத்தில் பாவங்களை அறிக்கையிடும்போது, செய்தவற்றோடு செய்யத் தவறியவற்றையும் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். செய்யாமையும் குற்றமாகக் கூடும் என்பதை நம் மனச்சான்று அறியும். ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் எண்ணுவதில்லை. வரவிருந்த ஒரு தீமை வராமற்போனதற்கு ஒருவர் காரணமாயிருந்தால், அவருக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லவா? நிகழாத ஒன்றுக்கு நன்றி சொல்வது எப்படி?

நன்மையில் நேரும் குறைவே தீமை என்று புனித அகுஸ்தினார் கற்பித்தார். அப்படியானால், தீமை நிகழாமை வெறும் வெற்றிடம் அன்று. ஏற்கெனவே இருந்த ஒரு நன்மை பழுதுபடாமல் நின்றது என்பதே அதன் பொருள். நின்றதைத் தாங்கிய கை ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். அந்தக் கையைக் காணக் கற்பதே அறம்.

கால்பந்தில் அந்தக் கை, கால் வடிவில் இருக்கிறது. பின்களத்தில் ஆடுபவரின் கலையை நான் பிறகுதான் கவனித்துக் கற்றேன். பந்தோடு வருபவர் மீது பாய்ந்து விழுபவர் நல்ல தடுப்பாட்டக்காரர் அல்லர். அவர் பாய்வதில்லை, பின்வாங்கியபடியே எதிரியின் வேகத்தைக் குறைக்கிறார், தம் தோழியர் திரும்பி வந்து சேரும்வரை நேரத்தைச் சம்பாதிக்கிறார், கோலுக்கு நேரான வழியை அடைத்து எதிரியை ஓரக்கோட்டை நோக்கி ஒதுக்குகிறார். பின்வரிசையினர் ஒரே கோடாய் முன்னேறினால் எதிரி 'ஆஃப்சைடு' ஆவார். ஒருவர் மட்டும் ஓரடி பின்தங்கினாலும் அந்தக் கோடு உடையும். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிப்பதற்குக் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் அப்படிச் சறுக்க நேர்வது, பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு கணம் பிந்திவிட்டதன் விளைவே. மிகச் சிறந்த தடுப்பு எதுவுமே நடவாததுபோல் தோன்றும். முன்கள வீராங்கனை எண்பத்தொன்பது நிமிடம் தவறிவிட்டு ஒரு நிமிடத்தில் தலைவியாகலாம். பின்கள வீராங்கனையோ எண்பத்தொன்பது நிமிடம் தவறாதிருந்து ஒரு நிமிடத்தில் குற்றவாளியாகலாம்.

உலகமும் என்னைப் போலத்தான் பரிசளிக்கிறது. மகளிருக்கான 'பாலோன் தோர்' விருது 2018-இல் தொடங்கியது. 2025 வரை அதைப் பெற்றவர்களில் ஒருவர்கூடத் தடுப்பாட்டக்காரர் அல்லர். விதிவிலக்காக, ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருது 2020-இல் இங்கிலாந்தின் தடுப்பாட்டக்காரர் லூசி பிரான்ஸுக்குக் கிடைத்தது.

நம் நாட்டிலும் அத்தகைய ஒருவர் இருக்கிறார். 1993-இல் இம்பாலில் பிறந்த ஆஷாலதா தேவி பல்லாண்டுகள் இந்தியப் பின்களத்தின் தூணாகவும் அணித்தலைவியாகவும் விளங்கியவர். 2024-இல், நூறு பன்னாட்டுப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பைப் பெற்றார். அவருடைய வாழ்வில் ஒரு நிகழ்வு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 2022 சனவரி 20 அன்று, நவி மும்பையில் ஆசியக் கோப்பைப் போட்டியில் அவர் தலைமையில் இந்தியா ஈரானைச் சந்தித்தது. இரு தரப்பும் கோல் இன்றி ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆட்டத்திற்குள் கொரோனாத் தொற்று அணியைப் பற்றிக்கொண்டது. களமிறக்கப் போதிய ஆட்டக்காரர்கள் இல்லாமையால், இந்தியா போட்டியிலிருந்து விலகியதாக அறிவிக்கப்பட்டது. விதிப்படி, ஆடி முடித்த அந்த ஓர் ஆட்டமும் செல்லாததாயிற்று.

எண்ணிப் பாருங்கள். தடுப்பாட்டக்காரருக்குக் கிடைக்கும் ஒரே பரிசு ஸ்கோர்ப் பலகையில் நிற்கும் சுழியம். அதுவும் அழிக்கப்பட்டது! அப்படியானால் அந்தத் தொண்ணூறு நிமிட உழைப்பு எங்கே போயிற்று?

குருமடத்தில் படித்த காலத்தில், புனித தோமா அக்குவினாரின் ஒரு கூற்று எனக்கு வெறும் தருக்க விளையாட்டாகத் தோன்றியது: நடந்த ஒன்றை நடவாததாக்க எல்லாம் வல்ல இறைவனாலும் இயலாது, ஏனெனில் அது தன்னிலேயே முரண்பாடு. இன்று அதே கூற்று எனக்கு ஆறுதலாக ஒலிக்கிறது. விதி ஏடுகள் ஓர் ஆட்டத்தைச் செல்லாததாக்கலாம். அதில் செய்த நன்மையைச் செய்யப்படாததாக்க எவராலும் இயலாது. அதே தோமையார் திடம் என்னும் நற்பண்பை ஆராயும்போது, தாக்குதலைவிட நிலைகுலையாது தாங்கி நிற்பதே அப்பண்பின் முதன்மையான செயல் என்கிறார். தாக்குபவர் தம்மை வலியவராக எண்ணித் தாக்குகிறார். தாங்குபவரோ தம்மினும் வலியது ஒன்றின் எதிரே நிற்கிறார். தாக்குவதற்கு ஒரு கணம் போதும். தாங்குவதற்கு நீண்ட பொழுது வேண்டும்.

இப்போது நம் கடலூருக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அதன்பின், ஆதரவற்ற சிறுமியருக்குக் கால்பந்து கற்பிக்கத் தொடங்கிய பயிற்சியாளர் மாரியப்பனின் உழைப்பை நாடறியும். அவர் உருவாக்கிய இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம் 2017-18 இந்திய மகளிர் லீக் போட்டியில் ஆடியது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஒளிர்ந்தார். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். காப்பகத்தில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் இந்திய முன்களத்தில் இடம்பெற்றார். 2018-இல் தமிழ்நாடு, பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தேசிய மகளிர் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது; 2023-இல் அரியானாவையும் அதே கணக்கில் வென்றது. 2-1 என்பதில் 'இரண்டு' யாரால் வந்தது என்று உடனே கேட்கிறோம். எதிரணியின் எண் 'ஒன்று' என்பதோடு ஏன் நின்றது என்று கேட்கிறோமா? அந்த எண் இரண்டாகியிருந்தால் நம் இரண்டுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

அதே ஆழிப்பேரலை இன்னொரு பாடமும் கற்பித்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடுகள் நிற்கின்றன. காட்டுக்கு முன்னே, கடலை நோக்கிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பெருஞ்சேதம் அடைந்தது. காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்களில் சேதம் மிகக் குறைவு. வேர்களைச் சேற்றில் ஊன்றி நின்ற அம்மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன. அதற்கு முன்பு அக்காடு நமக்குப் படகுச் சவாரி செய்யும் இடம். விறகுக்கு வெட்டும் இடம். அது காவல் நிற்கிறது என்பதை, அலை வந்த பிறகே அறிந்துகொண்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'மறைவான தொண்டே உயர்ந்தது. புகழ் எதற்கு, ஊதியம் எதற்கு?' என்று சொல்வது எளிது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் பெண்களிடம் காலங்காலமாக இதையே சொல்லி வந்திருக்கிறோம். இரவெல்லாம் நோயாளியருகே விழித்திருந்தவர், மகன் குடியில் விழாமல் காத்தவர், கடன்காரன் வாசலுக்கு வராமல் சிக்கனம் செய்தவர் ஆகியோரைத் 'தியாகி' என்று ஒரு சொல்லால் போற்றிவிட்டு, அவர்களுக்குரியதைத் தராமல் விட்டுவிட்டோம். வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்ற ஆண்டவரின் படிப்பினை கொடுப்பவருக்கு உரியது; பெறுபவருக்கு உரியதன்று. பெறுபவருக்கு வேறொரு படிப்பினை உண்டு: குணமடைந்த பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவரே, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். மறைந்திருத்தல் செய்பவரின் உரிமை. கண்டறிதல் நம் கடமை. அவருடைய தாழ்ச்சியை நம் நன்றியின்மைக்குப் போர்வையாக்கக் கூடாது.

ஆகவே இது கூலியையும் பற்றிய கேள்வி. 2023-இல்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, மகளிர் லீக் சங்கங்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனையருக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயேனும் தரவேண்டும் என்று முடிவு செய்தது. முழங்கால் தசைநார் ஒருமுறை அறுந்தால் பல மாதங்கள் களத்துக்கு வெளியே கழியும் தொழில் இது. அத்தகைய காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக நேர்கிறது. மாதத்துக்கு இருபத்தேழாயிரத்துக்கும் குறைவான அத்தொகை பெரிதன்று. எனினும் கோல் போட்டாலும் தடுத்தாலும் உழைப்பு உழைப்பே என்று ஒப்புக்கொள்ளும் முதற்படி அது.

அன்பார்ந்த வாசகர்களே, இன்றிரவு உறங்கப்போகும் முன், இன்று நமக்கு நேராமற்போன ஒரு துன்பத்தை நினைத்துப் பாருங்கள். அது தானாக நேராமற்போனதா, யாரேனும் நடுவே நின்றார்களா என்று கேளுங்கள். ஒரு பெயர் நினைவுக்கு வந்தால், நாளைக் காலையிலேயே அவரிடம் சென்று சொல்லிவிடுங்கள்.

நான் தாமதித்தேன். அதன்பின் எங்கே பரிசளிக்கச் சென்றாலும், கோப்பையைக் கையில் எடுக்குமுன் பயிற்சியாளரிடம் ஒன்றைக் கேட்கிறேன்: "விழாத கோலைத் தடுத்தவர் யார்?" சில இடங்களில் அவர்கள் வியப்போடு என்னைப் பார்க்கிறார்கள், சில இடங்களில் ஒரு பெண்ணின் முகம் மலர்கிறது. கிள்ளையிலிருந்து வந்த அந்தப் பிள்ளைக்கு நான் தந்திருக்க வேண்டிய விடை அதுதான். அவளுக்குத் தர இயலாத அதை, அவளுடைய தங்கையருக்குத் தந்துகொண்டிருக்கிறேன்.