மறைப்பும் அருளே

ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், பாரத அரசாங்கம் 2004ஆம் ஆண்டு அன்பளிப்பாக வழங்கிய நடராஜர் திருவுருவம் ஒன்று நிற்கிறது. அப்பெருமானின் கூத்தைத் துகள்களின் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசியோர் பலர். எனினும் ஊன்றிய திருவடி உணர்த்தும் மறைத்தல் என்னும் தத்துவத்துக்கு அந்நிலையத்தின் தரவுக் களஞ்சியமே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

துகள் மோதல்களில் பதிவான விவரங்கள் நெடுங்காலப் பாதுகாப்பின் பொருட்டு அங்கே காந்த நாடாக்களில் எழுதி வைக்கப்படுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேழைக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீள நாடா சுருண்டிருக்கிறது. வேண்டாதபோது அது மின்சாரம் எதுவும் செலவாகாமல் தன் மாடத்தில் உறங்குகிறது. கணினி வட்டிலுள்ள கோப்பு நொடியின் மிகச் சிறு கூறில் கைக்கு வந்துவிட, நாடாவிலுள்ளதோ, இயந்திரக் கரம் பேழையை எடுத்துப் பொருத்தி, நாடா உரிய இடம்வரை ஓடி நின்ற பின்னரே கிட்டும். ஆதலால், ஆராய்ச்சிக்கு வேண்டிய கோப்புகளை மட்டும் தேர்ந்து விரைவான வட்டுகளுக்கு முன்கூட்டியே கொணர்ந்து, வேலை முடிந்ததும் அவற்றை நீக்கி அடுத்தவற்றுக்கு இடம் விடுகிறார்கள். கேட்ட வரிசையிலேயே எடுத்தால் நாடா முன்னும் பின்னும் ஓடி நேரம் வீணாகும். எனவே நாடாவில் அமைந்த இடத்துக்கேற்ப எடுப்பதால், கேட்ட வரிசை ஒன்று, கிடைக்கும் வரிசை வேறொன்று.

நம் வினையும் இத்தகைய ஒரு களஞ்சியமே. ஜன்மாந்தரங்களாகச் சேர்ந்த வினைத்தொகுதியைச் சஞ்சிதம் என்றும், அதிலிருந்து இப்பிறவியின் அனுபவத்துக்கென வகுத்துக் கொடுக்கப்பட்ட பகுதியைப் பிராரப்தம் என்றும், அதை நுகருங்கால் புதிதாக ஈட்டுவதை ஆகாமியம் என்றும் நம் முன்னோர் பிரித்துரைத்தனர். செய்த வரிசையிலன்றிப் பக்குவமான வரிசையிலேயே வினை பயனளிக்கும் என்பதும் அவர்கள் கொள்கை. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது: நினைவிலேயே இல்லாத செயலுக்கு ஒருவன் பயன் அனுபவிப்பது எவ்வாறு நீதியாகும்?

பழிக்குப் பழி வாங்குவதுதான் வினையின் நோக்கமெனில், இந்த ஆட்சேபத்துக்கு விடையே இல்லை. ஏனெனில் குற்றத்தை அறியாதவனுக்குத் தண்டனை அர்த்தமற்றது. ஆனால் சைவ சித்தாந்தம் கூறும் நோக்கம் ஆன்மாவின் மலபரிபாகமே, அதாவது அதைப் பற்றிய மலம் முதிர்ந்து விலகும் பக்குவமே அன்றோ! பக்குவப்படுவதற்கு, நம் கண்முன்னே வந்து நிற்கும் அனுபவமே போதும். முழுத் தொகுதியின் நினைவும் ஒருங்கே வந்து கவிந்தால் அந்தப் பக்குவமே தடைப்படும். மடியில் கிடந்து பாலருந்தும் குழந்தை முற்பிறப்பில் தன் குடியைக் கெடுத்த பகைவனென்று ஒரு தாய்க்குத் தெரிந்துவிட்டால், அந்த முலை சுரக்குமா? அறியாமையால்தான் அங்கே அன்பு பிறக்கிறது. அந்த அன்பினால்தான் பழைய பகையும் தீர்கிறது. இதுபற்றியே இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலையும் ஒரு தொழிலாக வைத்து, கூத்தப்பிரானின் ஊன்றிய திருவடியில் அதனைக் கண்டது உண்மை விளக்கம் என்னும் நூல்.

இயந்திரக் களஞ்சியத்துக்கும் வினைக் களஞ்சியத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வட்டிலிருந்து நீக்கிய கோப்பின் மூலம் நாடாவில் அப்படியே இருக்கும். நுகர்ந்து தீர்ந்த பிராரப்தமோ மீண்டும் வருவதில்லை. அங்கே தேர்ந்து கேட்பவன் ஆராய்ச்சியாளன். இங்கே தேர்ந்து அளிப்பவன், நம் வலிமையை நம்மினும் நன்கறிந்த இறைவன்.

ஆகவே, முற்பிறவியை அறியும் ஆசையோடு சோதிடரையும் ஏடுகளையும் தேடி அலைய வேண்டுவதில்லை. இன்று நம் கைக்கு வந்திருப்பது நம்மால் தாங்கத்தக்கது என்று நம்பி, அதை அன்போடு நுகர்ந்து, ஆகாமியம் சேராதவாறு கடமையைச் செய்வோமாக.