முப்பது நாளா, ஏழு நாளா?

"போன முப்பது நாள்ல உங்க வீட்ல எண்ணெய் எவ்ளோ செலவாச்சு?" என்று கேட்டால் என் அம்மா, "ஆகும்ப்பா, ஒரு மூணு லிட்டர்" என்பார். ஏழு நாள் என்று கேட்டால் முந்தாநாள் சுட்ட வடைகூட ஞாபகம் வரும். சில சமயம் எட்டாம் நாள் செலவும் உள்ளே நுழைந்துவிடும்.

இந்தியாவின் ஏழைகளை எண்ணுவது பல காலமாக இந்த ஞாபகத்தை நம்பித்தான். தேசிய மாதிரி ஆய்வில் வீடு வீடாகப் போய்ச் செலவைக் கேட்பார்கள். அது கோட்டுக்குக் கீழே என்றால் ஏழை வீடு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சோதனை நடந்தது. வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியிடம் முப்பது நாள் கணக்கு. மறு பாதியிடம் சாப்பாட்டுக்கு ஏழு நாள், துணிமணி மாதிரி எப்போதாவது வாங்குவதற்கு ஒரு வருஷம். குலுக்கிப் பிரித்ததால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜனங்கள்; வித்தியாசம் வந்தால் அது கேள்வியால் வந்தது. அழகான வடிவமைப்பு. வித்தியாசம் வந்தது: இரண்டாவது பாதியில் ஏழைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. யாருடைய தட்டிலும் ஒரு பிடி சோறு கூடவில்லை.

1999-2000 சுற்றில் இன்னும் மோசம். ஒரே வீட்டில் உணவுக்கு ஏழு நாள், முப்பது நாள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டார்கள். மனுஷன் என்ன செய்வான், ஒன்றுக்கு ஏற்ற மாதிரி மற்றதைப் பொருத்திச் சொல்வான். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆனது என்றது அரசு. வறுமை குறைந்தது உண்மை, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை என்று கணக்குப் போட்டவர்களில் ஆங்கஸ் டீட்டன் முக்கியமானவர்.

திரும்பத் திரும்பக் கேட்டாலும் ஒரே பதில் வருவது நம்பகத்தன்மை, அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது ஏற்புடைமை என்று பாடப்புத்தகம் பிரிக்கும். சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சோதனைக்கு முன்னால் முப்பதா ஏழா என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி. எந்தக் கேள்விக்கு எந்த விடை வரும் என்று தெரிந்த பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், படிவத்தை மட்டுமா தேர்ந்தெடுக்கிறார்? இரண்டு கேள்வியும் பொய்யில்லை என்பதுதான் இதில் சங்கடமே.

1997இல் ரேஷனில் ஏழைகளைத் தனியாகப் பிரித்தபோது, மாநிலத்துக்கு இத்தனை ஏழைக் குடும்பம் என்ற வரம்பு 1993-94 மதிப்பீட்டிலிருந்துதான் வந்தது. (தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுத்தது வேறு விஷயம்.) அந்த வருஷத்துப் படிவத்தில் ஏழு நாள் என்று இருந்திருந்தால் வரம்பு எங்கே நின்றிருக்கும்? அட்டை கேட்டுப் போய், "இடம் முடிஞ்சுபோச்சும்மா" என்ற பதிலோடு திரும்பிய அம்மாவிடம் யாரும் எண்ணெய்க் கணக்கே கேட்டிருக்க மாட்டார்கள்.