இயேசுவாக ஒரு நடிகர்

தெய்வத்தின் வேடத்தை மனிதர் ஒருவர் ஏற்று நடிக்கலாமா? அமெரிக்காவின் கேலம் நிறுவனம் 1912இல் எடுத்த ‘ஃப்ரம் தி மேஞ்சர் டு தி கிராஸ்’ (முன்னணை முதல் சிலுவை வரை) என்ற மௌனப்படம் இந்தக் கேள்வியை எழுப்பியது. கனடாவில் பிறந்த சிட்னி ஓல்காட் அதை இயக்கினார். திரைக்கதை எழுதிய ஜீன் கான்டியரே மரியாளாகவும் நடித்தார். இயேசுவாக நடித்தவர் ஆங்கிலேய நடிகர் ராபர்ட் ஹென்டர்சன் பிளாண்ட்.

கிறித்தவத்தில் இது பழைய வழக்கு. பத்துக் கட்டளைகள் விக்கிரகத்தைத் தடுக்கின்றன. ஆனால் கடவுளே உடலெடுத்து வந்தபின் அந்த உடலை வரைவதில் குற்றமில்லை என்றார் 8ஆம் நூற்றாண்டின் தமாஸ்கஸ் யோவான். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கமும் திருவுருவங்களை ஏற்றது. ஓவியத்துக்குப் பொருந்திய இந்த நியாயம் சினிமாவுக்கும் பொருந்துமா என்பதுதான் சிக்கல். ஓவியத்தில் இருப்பது வண்ணம். சினிமாவில் தெரிவதோ, சம்பளம் வாங்கிக்கொண்டு நாளைக்கு வேறு வேடம் கட்டப்போகிறவரின் முகம்.

படக்குழு தன் பக்கத்துக்குச் சாட்சியாக நிறுத்தியது இடத்தை. எகிப்துக்கும், அன்று உதுமானியர் ஆட்சியிலிருந்த எருசலேமுக்கும் போய்ப் படம்பிடித்தார்கள். ஏரோது மன்னனுக்குத் தப்பி ஓடிவந்த இயேசுவின் குடும்பம் ஸ்பிங்க்ஸ் சிலையருகே இளைப்பாறுகிறது. எழுத்தட்டைகளில் வருபவை விவிலிய வசனங்களே. இருந்தாலும், ஊர் நிஜமாக இருப்பதால் முகமும் நிஜமாகிவிடாது.

இந்த முட்டுக்கட்டையைப் படம் உண்மையில் தாண்டுவது ஒரு சிறு காட்சியில். நாசரேத்தில் இளம் இயேசு தோளில் மரத்தைச் சுமந்து வருகிறார். தரையில் விழும் நிழல் சிலுவையாகத் தெரிய, மரியாள் திடுக்கிடுகிறாள். அங்கே நடிகரின் முகத்துக்கு வேலையே இல்லை.

இறந்த லாசரு கல்லறையிலிருந்து எழுவதைக் காட்டத் தயங்காத படம், சிலுவைப்பாட்டோடு நின்றுவிடுகிறது. முதலில் வெளியான வடிவத்தில் உயிர்த்தெழுதல் இல்லை. உயிர்த்தெழுதல் இல்லையேல் விசுவாசமே வீண் என்பது பவுலின் போதனை. அந்த வகையில் இது சாதாரண விடுபடல் அல்ல. பாடுபடும் உடல் கேமராவுக்கு எட்டும், உயிர்த்தெழுந்து மகிமைப்பட்ட உடல் எட்டாது என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் லாசருவைக் காட்டியவர்களுக்கு அந்த நியாயம் முழுதாகப் பொருந்தவில்லை.

இங்கிலாந்தில் படத்துக்கு எதிர்ப்பும் பாராட்டும் சேர்ந்தே எழுந்தன. 1913இல் பணியைத் தொடங்கிய பிரிட்டிஷ் திரைத் தணிக்கை வாரியம் இரண்டே விதிகளை வைத்துக்கொண்டது: நிர்வாணம் கூடாது, கிறிஸ்துவை நடிகர் உருவில் காட்டக் கூடாது. ஹாலிவுட் இரு வழியிலும் போனது. 1925இன் ‘பென்-ஹர்’ கிறிஸ்துவின் முகத்தை மறைத்துக் கையைக் காட்டியது. 1927இல் செசில் பி. டிமில் ‘தி கிங் ஆஃப் கிங்ஸ்’ படத்தில் முகத்தையே காட்டினார்.